கண்ணாடி இல்லாத ஜீப்பில் போடிமெட்டுக்கு

ஏலக்காய் வாசம் வந்தால் மற்றவர்களுக்குப் பாயசம் நினைவுக்கு வரும். எனக்கு, நடந்து களைத்த கால்கள் நினைவுக்கு வரும்.

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்குப் போடிநாயக்கனூர் பஸ் நிலையத்தில் இறங்கினேன். தேனியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். படியிலிருந்து கால் தரையில் படுவதற்குள் அந்த வாசம் மூக்கில் ஏறிவிட்டது. பல வருடங்களுக்கு முன்பு, அணையின் பெயரால் இரண்டு மாநிலங்களும் முறைத்துக்கொண்ட நாட்களில், வேறு ஏதோ வேலையாக இதே இடத்தில் நின்றிருந்தேன். மலைத் தோட்டங்களிலிருந்து நடந்தே இறங்கி வந்த பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண் சட்டைகளிலும், தலைமுடியிலும், பாத்திர மூட்டைகளிலும் ஏலக்காய் மணத்தது. இரண்டு நாள் சாப்பிடாதவர்களிடமிருந்து பண்டிகையின் வாசம் வந்தது. அன்று நான் எதுவும் செய்யவில்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டேன்.

இந்த முறை வந்தது ஒரு ஆயரைப் பார்க்க. நாட்டின் சண்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்த கத்தோலிக்கப் பெரியவர்களைப் பற்றி இரண்டு வருடமாக ஊர் ஊராய் அலைந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆயர் சந்தியாகு வடகிழக்கு மலைகளில் முப்பது வருடம் இருந்தவர். துப்பாக்கி தூக்கிய இரண்டு இனங்களுக்கு இடையில் சேதி சுமந்தவர். ஓய்வு பெற்றதும் தன் மறைமாவட்டம் கொடுத்த வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டு, போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு தகரக்கூரைச் சிற்றாலயத்தில் தங்கியிருக்கிறார். என் கடிதத்துக்கு வந்த பதில் மூன்று வரிதான். “சனிக்கிழமை வாருங்கள். பேட்டி கொடுக்க நேரம் இருக்காது. நாற்காலி தூக்க ஆள் வேண்டும்.”

காலை 6.10. ஜீப்புகள் நிற்கும் தெருவுக்குப் போனேன். வழக்கமாக இந்நேரத்துக்கு அங்கே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஆள் கூப்பிடுகிற சத்தமும், தூக்குவாளிகளோடு பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராய் அடைகிற சத்தமும் தெருவை நிறைத்திருக்க வேண்டும். அன்று ஜீப்புகள் சுவரைப் பார்த்து நின்றன. டிரைவர்கள் டீக்கடை பெஞ்சில் இருந்தார்கள்.

“பாய், அவசரமா ஒரு டீ” என்றார் ஒரு இளம் டிரைவர்.

பெஞ்சு முழுவதும் சிரித்தது.

“உனக்கும் அவசரமாடா மாப்ளே? எப்ப எஸ்டேட்டு வாங்குன?”

எனக்குப் புரியவில்லை என்பதைக் கடைக்காரர் கண்டுகொண்டார். டீயை ஆற்றியபடியே சொன்னார். “மேல தொம்மச்சன்னு ஒரு தோட்டக்காரன். நம்ம முருகேசன் ஜீப்பு கண்ணாடிய வீல் ஸ்பேனரால அடிச்சு ஒடச்சுப்புட்டான். முந்திப் போறதுல வந்த தகராறு. அதோட விட்டானா, அணைப் பேச்சையும் இழுத்திருக்கான். பதினோரு நாளா ஒரு ஜீப்பும் மேல போகல. போன வாரம் சாமியாரு சொல்லி, அவன் முருகேசனுக்குப் போன் போட்டான். மன்னிப்புக் கேப்பான்னு பாத்தா, ‘எனக்கு ஒரு அவசரம் தரணும்’ங்கிறான். காயி பழுத்துப் போகுதுன்னு அவனுக்கு அவசரமாம். முருகேசன் போனை வச்சுட்டான். வைக்காம?”

டீ பன்னிரண்டு ரூபாய். அந்த வாரம் முழுக்கப் போடியில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் அவசரமாகத்தான் வேண்டியிருந்தது போலிருக்கிறது.

காலை 7.00. என்னை மேலே கூட்டிப்போகச் சொல்லி ஆயர் சொல்லியிருந்த ஆள் அந்த முருகேசனேதான். அன்று அவரையும் தொம்மச்சனையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேச ஆயர் கூப்பிட்டிருந்தார். நாற்பத்தெட்டு வயது, குறைவான பேச்சு, சட்டைப்பையில் சின்னச் சீப்பு. ஜீப்புக்கு முன்கண்ணாடி இல்லை. ரப்பர் விளிம்பில் சில்லுகள் மட்டும் பல்போல ஒட்டியிருந்தன. கழற்றிப் போட அவர் மனம் ஒப்பவில்லை.

“அத அவன் பாக்கட்டும்” என்றார்.

பின்சீட்டில் ராசிங்காபுரத்துப் பேச்சியம்மாள். முருகேசனின் ஜீப்பில் போகும் பதின்மூன்று பெண்களுக்கு இவர்தான் முன் ஆள், ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர். காய் எடுப்பில் முப்பது வருடம். முருகேசனுக்கு மதினி முறை. என்னிடம் ஒரு துண்டை நீட்டினார். “காதை மூடுங்க ஸார். மெட்டுக்குப் போறதுக்குள்ள கழண்டு விழுந்துரும்.”

முந்தல் எட்டு கிலோமீட்டர். அதுவரை மாந்தோப்புகள், செங்கல் சூளை, வெயில். முந்தலில் சாலை நிமிர்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கண்ணாடியுள்ள வண்டியில் இந்த மலையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்போது அது எட்ட நின்றது. இப்போது முகத்தில் ஏறிக்கொண்டது. மூன்றாவது வளைவில் வெயில் போனது. ஆறாவதில் பூச்சி ஒன்று என் கன்னத்தில் மோதிச் செத்தது. எட்டாவதில் பனி வாய்க்குள் வந்து கரைந்தது. பேசினால் சொல் பின்னால் பறந்து பேச்சியம்மாள் மேல்தான் விழும். ஆகவே கத்திப் பேசினோம்.

“என்ன முடிவோட போறீங்க?” என்று முருகேசனிடம் கேட்டேன்.

“வண்டி எடுக்க முடியாதுன்னு சொல்லத்தான் போறேன். போன்ல சொன்னா பயந்து ஒளிஞ்ச மாதிரி ஆகும். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துரணும்.”

“கொழுந்தனாரு முடியாதும்பாரு” என்றது பின்சீட்டு. “காயி அப்படிச் சொல்லுமா? அடுத்த வாரம் வெடிச்சுரும். வெடிச்ச காயை எவன் வாங்குவான்? எங்களுக்கு இந்த வருசம் அம்புட்டுத்தான்.”

ஒன்பதாவது வளைவில் முருகேசன் வண்டியை ஓரங்கட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் என்னிடம் மட்டும், கத்தாமல் சொன்னார்.

“அந்தத் தண்ணித் தகராறு வருசம், காலைல ஏத்திட்டுப் போனது நாந்தான் ஸார். சாயங்காலம் கூப்பிடப் போறேன், ரோட்டை அடைச்சுட்டாங்க. முந்தல்ல காலி ஜீப்போட ரெண்டு நாள் நின்னேன். இவுக எல்லாரும் காட்டுக்குள்ள விழுந்து நடந்து வந்தாக. மதினி வந்தப்ப கால்ல செருப்பு இல்ல. என்னை ஒண்ணும் கேக்கல. ‘வண்டில தண்ணி இருக்கா’ன்னு மட்டுந்தான் கேட்டுச்சு.” கேனை மூடினார். “ஏத்துனவந்தான் இறக்கிவிடணும். அதுக்கு வழி இல்லாத ஊருக்கு நான் ஆளை ஏத்தமாட்டேன். கண்ணாடி கெடக்கு, கண்ணாடி.”

அந்தப் பெண்கள் எங்கே வந்து உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை.

காலை 8.25. போடிமெட்டு. போடியிலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர். சோதனைச் சாவடி தாண்டியதும் பலகைகளின் எழுத்து மலையாளமாக உருண்டுகொள்கிறது. மற்றபடி பனி ஒன்றுதான், அட்டைப்பூச்சியும் ஒன்றுதான். இன்னும் நாலு கிலோமீட்டர் போனதும் சாலை வளைகிற இடத்தில் ஒரு டீக்கடை. கண்ணாடி உடைந்த இடம் அதுதான். ஈர மண்ணில் சில்லுகள் இன்னும் மின்னின. முருகேசனும் பேச்சியம்மாளும் அங்கேயே இறங்கிக்கொண்டார்கள். நான் மட்டும் முந்நூறு அடி மேலே சிற்றாலயத்துக்கு நடந்தேன்.

ஆயர் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. கைலி, ஸ்வெட்டர், அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஆயர் என்பதற்கு அடையாளம் மோதிரம் மட்டும்தான். அதுவும் விரல் மெலிந்ததால் கழலாதபடி அடியில் நூல் சுற்றியிருந்தது. மலையாளத்துக்காரர்கள் இவரைப் ‘பிதாவு’ என்கிறார்கள். தமிழ் வேலையாட்கள் ‘சாமி’ என்கிறார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறார்.

“எட்டு வேணும். உங்களால நாலு தூக்க முடியுமா?”

“கோயில் வாசலிலேயே பேச்சு வைக்கலாமே” என்றேன்.

“இங்க வச்சா முருகேசன் என் விருந்தாளி ஆயிடுவான். தொம்மச்சன் என் கோயில் பங்கு ஆள் ஆயிடுவான். அடிச்ச எடத்துல வச்சாத்தான் ரெண்டு பேரும் அவங்களாவே இருப்பாங்க.” ஒரு நாற்காலியின் உடைந்த காலை ஆட்டிப் பார்த்து ஒதுக்கினார். “அறிக்கை எழுதுறது எங்க ஆளுகளுக்குக் கைவந்த கலை. நானும் நெறைய எழுதியிருக்கேன். டெல்லியிலகூட வாசிச்சாங்க. அந்த அறிக்கையால ஒரு பாலத்துலகூட ஒரு வண்டி போகல. நாற்காலி போட்டப்புறந்தான் போச்சு.”

வடகிழக்கைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் துணியால் நாற்காலியைத் துடைத்தார்.

“ரெண்டு பக்கத்துப் பாஷையும் எனக்கு மட்டுந்தான் தெரியும். மூணு நாள் பேச்சு. கடைசியில ஒரு கிழவன் எழுந்து, ‘நாங்க மறக்கமாட்டோம், ஆனா நிறுத்திக்கிறோம்’னான். எனக்குக் களைப்பு. எப்படியாவது முடியணும்னு ஆசை. ‘மறந்துட்டோம், நிறுத்திக்கிறோம்’னு மாத்திச் சொல்லிட்டேன். ஒரே ஒரு சொல்லுதான். அந்தப் பக்கம் அழுதாங்க, கட்டிப்பிடிச்சாங்க. மூணு மாசம் கழிச்சு அந்தக் கிழவன் செத்தவங்களுக்குக் கல் நட்டான். ‘மறந்துட்டோம்னியே’ன்னு இவங்க கேட்டாங்க. ‘நான் எப்பச் சொன்னேன்’னு அவன் கேட்டான். ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க.” துணியைப் பிழிந்தார். “மறுபடி நிறுத்த ரெண்டு வருசம் ஆச்சு. அந்த ரெண்டு வருசத்துல போனவங்க பேரைத் தினம் பூசையில சொல்றேன். அதுக்கப்புறம் அடுத்தவன் வார்த்தைக்கு நான் சர்க்கரை போடுறதில்ல.”

பேச்சை மாற்ற எண்ணி, போடியில் கேட்ட வேடிக்கையைச் சொன்னேன். அவசரமாக ஒரு டீ. அவசரம் தரணும். அவர் சிரிக்கவில்லை. துடைத்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன சொன்னானாம்? அப்படியே சொல்லுங்க.”

“எனக்கு ஒரு அவசரம் தரணும்.”

“ஐயோ, தொம்மச்சா” என்றார் மெதுவாக. “அது மலையாளம். அவங்களுக்கு அவசரம்னா வாய்ப்பு. ‘எனக்கு ஒரு வாய்ப்புக் கொடு’ன்னு கெஞ்சியிருக்கான். முழுசா மலையாளத்துல சொல்லியிருந்தா முருகேசனுக்குப் புரிஞ்சிருக்கும். பாவி, மரியாதைக்காகத் தமிழ்ல பேசப் பாத்திருக்கான்.”

நான் எழுந்துவிட்டேன். முந்நூறு அடிக்குக் கீழே முருகேசன் இருக்கிறார். ஓடிப்போய்ச் சொன்னால் தீர்ந்தது.

“உக்காருங்க” என்றார் ஆயர். அப்போதுதான் அவர் குரலில் பழைய ஆயரைக் கேட்டேன். “நான் சொன்னா அது என் வார்த்தை. அர்த்தம் சொன்ன சாமியாரை நம்பி வண்டி எடுப்பான். நாளைக்கு நான் செத்துட்டா எதை நம்புவான்? அவன்தான் சொல்லணும், இவன்தான் கேக்கணும். நாலு நாற்காலியை எடுங்க.”

காலை 11.00. தூறல். சாலையோரம் சில்லுகளைச் சுற்றி நாற்காலிகள். தொம்மச்சன் வந்தான். முப்பத்தைந்து இருக்கும், பெரிய தோள்கள், அதற்குப் பொருந்தாத சின்ன நடை. அவனுக்குப் பின்னால் தோட்டக்காரர்கள் மூன்று பேர், உட்காராமல் நின்றார்கள்.

பேச்சியம்மாள்தான் ஆரம்பித்தார். “சாமி, ஒண்ணு கேக்கணும். மொதலாளிமாரு ஒங்க கோயிலுக்கு வர்றவுக. நாங்க மாரியாத்தாளுக்கு. நீங்க யாரு பக்கம்?”

“ரோட்டுப் பக்கம் ஆத்தா. பாக்குறீங்கல்ல, ரோட்டுலதானே உக்காந்திருக்கேன்.”

நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரித்துவிட்டார். ஆயர் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தார். “அணையைப் பத்தி இங்க யாரும் பேச வேண்டாம்னு சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் பயம். இந்தப் பக்கம் தாகம். ரெண்டும் பொய்யில்ல. ஆனா அதை இந்த எட்டு நாற்காலியால தீக்க முடியாது. இந்தக் கண்ணாடியைத் தீக்கலாம்.”

தொம்மச்சன் தரையைப் பார்த்தபடி சொன்னான். “முருகேசண்ணே, ஞான் செய்தது தெற்று, தப்பு. அன்னைக்கு அம்மச்சி காருல உண்டு. உங்க வண்டி ஒரசினப்போ காரு ஓடைக்கு எறங்கிப் போயி. அம்மச்சி கரைஞ்சு, அழுது. ஞான் பிராந்து, பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயி. தப்பாணு. எனக்கு ஒரு அவசரம் தரணும்.”

முருகேசன் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “பாத்தீங்களா சாமி? பதினோரு நாள் கழிச்சும் இவனுக்கு அவசரந்தான். வாங்க மதினி, போவோம்.”

நான் ஆயரைப் பார்த்தேன். வாயைத் திறந்துவிடுவாரோ என்று தோன்றியது. எனக்கே நாக்கு நமைத்தது. அவர் மோதிரத்தின் நூலைப் பிடித்துக்கொண்டார்.

“தொம்மச்சா, அந்த ஒரு சொல்லை வேற சொல்லால சொல்லு.”

“எந்தா பிதாவே?”

“அவசரம். அதை வேற மாதிரி சொல்லு. முருகேசனைப் பாத்துச் சொல்லு.”

தொம்மச்சன் திணறினான். தெரிந்த தமிழெல்லாம் தோட்டத்துத் தமிழ். காய், கூலி, மழை, வேகம். கைகளை விரித்தான். “அவசரம்னா... அவசரம் தன்னே. ஒரு... சான்ஸ். ஒரு சான்ஸ் தரணும் அண்ணே.”

“அடப் பாவி” என்றார் பேச்சியம்மாள். “சான்ஸா?” முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு குலுங்கிக் குலுங்கி வந்தது. “இதுக்கா போடியே ஒரு வாரமா அவசரமா டீ குடிச்சுச்சு?”

முருகேசன் சிரிக்கவில்லை. விழுந்த நாற்காலியைத் தானே நிமிர்த்தி உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி. எனக்கு வெளங்கல, அது என் தப்பு. நான் ஒரசினதும் தப்பு, அம்மாட்ட சொல்லு. ஆனா ஒண்ணு. நான் பதிமூணு பேரை ஏத்திட்டு வர்றேன். நாளைக்கு டிவியில யாராவது அணையைப் பத்தி ஒண்ணு சொல்லுவான். சாயங்காலம் ரோட்டுல கல்லு கெடக்கும். இவுகளை யாரு இறக்கிவிடுறது? சாமி ஜாமீன் நிப்பாரா?”

“மாட்டேன்” என்றார் ஆயர். “எனக்கு எழுபத்தாறு.”

எல்லாரும் தொம்மச்சனைப் பார்த்தோம். டீக்கடைத் தகரத்தில் மழை வலுத்தது. அவன் சில்லு ஒன்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஞான் கூட வராம்” என்றான். “காலைல மெட்டுல நிப்பேன். சாயங்காலம் முன்சீட்டுல உக்காந்து முந்தல் வரைக்கும் வருவேன். இந்தக் காய் எடுப்பு தீருற வரைக்கும். ஞான் உள்ள வண்டிக்கு நம்ம ஆளு கல்லு போடில்லா.”

பின்னால் நின்ற ஒருவர் மலையாளத்தில் ஏதோ முணுமுணுத்தார். கீழே போனால் உன்னை யார் காப்பது என்பதுபோல. தொம்மச்சன் திரும்பாமலே முருகேசனை நோக்கிக் கை நீட்டினான். “அது அண்ணன் நோக்கும், பாத்துக்கும்.”

முருகேசன் எழுந்து ஜீப் சாவியைக் கையில் எடுத்தார். “இன்னைக்கே வா” என்றார்.

பிற்பகல் 3.30. கிளம்பும்போது ஆயர் என் கையைப் பிடித்து, “எழுதினா என்னைப் பெருசா எழுதாதீங்க. நான் நாற்காலி போட்டேன்” என்றார். அதைத்தான் எழுதியிருக்கிறேன். இரண்டு வருடமாக நான் தேடியது மேடையும் ஒப்பந்தமும் கைகுலுக்கும் படங்களும்தான். வாயை மூடிக்கொண்டு ஒரு நூலைப் பிடித்திருந்த கை என் குறிப்பேட்டில் எங்கும் இல்லை.

இறக்கத்தில் மழை நேராக உள்ளே வந்தது. முன்சீட்டில் தொம்மச்சன், நான் பின்னால் பேச்சியம்மாளோடு. தான் உடைத்த கண்ணாடி வழியாக வருகிற மழை முழுவதையும் அவன்தான் வாங்கிக்கொண்டான். பதினேழு வளைவுக்கும் முகத்தைத் திருப்பவில்லை. ஒன்பதாவது வளைவில் பேச்சியம்மாள் தன் பிளாஸ்டிக் படுதாவை எட்டி அவன் தலையில் போட்டார். “சளி பிடிச்சுச் செத்துத் தொலையாத. நாளைக்கு நீ வேணும்.”

திருச்சியில் என் தெருவில் சண்டையே கிடையாது. எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. அதை அமைதி என்று நினைத்திருந்தேன். ஈரச் சட்டையோடு அந்த வண்டியில் குலுங்கி இறங்கியபோது, என் தெருவுக்கும் யாராவது நாற்காலி போட்டால் தேவலை என்று தோன்றியது.

முந்தல். அந்தத் தகராறு வருடம் காலி ஜீப்போடு இரண்டு நாள் நின்ற அதே இடத்தில் முருகேசன் வண்டியை நிறுத்தினார். தொம்மச்சன் இறங்கினான். மூக்கு நுனியிலிருந்து நீர் சொட்டியது. மேலே போகிற பஸ் வரும்வரை எஞ்சினை அணைக்காமல், கிளம்பவும் செய்யாமல், முருகேசன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். பஸ் வந்தது. படியில் கால் வைத்துத் திரும்பிய தொம்மச்சனைப் பார்த்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்.

“தொம்மச்சா, அவசரம் ஒண்ணு தந்தாச்சு. கண்ணாடிய வெரசா மாட்டு.”